சிவப்புச் சொல்லின் வேலை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்தால் சில சொற்கள் நீலத்தில் இருக்கும். தொட்டால் அந்தப் பொருள் பற்றிய பக்கத்துக்குப் போகலாம். இடையிடையே சிவப்புச் சொற்களும் கண்ணில் படும். அவற்றைத் தொட்டால் எழுதுவதற்கான வெற்றுப் பெட்டி மட்டுமே திறக்கும். 'இதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை, நீங்கள் எழுதுங்களேன்' என்பதே அந்தச் சிவப்புக்குப் பொருள்.

புதிதாக ஒரு சமூகத் தளம் தொடங்குகிறவர்களை வாட்டுவது பெரும்பாலும் கணினி நுட்பம் அல்ல, வெறுமைதான். ஆள் இல்லாததால் எழுத்து இல்லை. எழுத்து இல்லாததால் ஆள் வருவதில்லை. பத்துப் பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசக்கூடிய சோடிகள் 45. நூறு பேர் என்றால் 4,950. ஆள் பத்து மடங்கு கூடினால் தொடர்பு நூறு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. கூட்டம் உள்ள இடத்திலேயே மேலும் கூட்டம் சேர்வது இதனால்தான். 2005இல் ரெடிட் தளத்தைத் தொடங்கியவர்கள் தாங்களே பல போலிப் பெயர்களில் பதிவிட்டு ஆள் நடமாட்டம் காட்டினார்கள். பின்னாளில் அதை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா அப்படி வளரவில்லை. 2003 செப்டம்பர் இறுதியில் அது பிறந்தபோது ஏறக்குறைய வெறும் வீடு. அதே ஆண்டு நவம்பரில் உள்ளே வந்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை. முதலில் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு கிட்டத்தட்டத் தனியாளாக எழுதிக்கொண்டே இருந்தார். ரப்பர் கன்று நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் முதல் பால் வெட்டு. அந்த மாதிரியான பொறுமை அவருக்கு இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அவர் எழுதியவை மட்டும் 4,000க்கும் மேல். 2017இல் மொத்தக் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

அதே 2003 செப்டம்பரில்தான் இன்னொரு தளம் மூடப்பட்டது. நுப்பீடியா என்று பெயர். விக்கிப்பீடியாவுக்கு மூத்தது, 2000இல் தொடங்கியது. அங்கே நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பு முடிந்த பிறகே ஒரு கட்டுரை வெளியாகும். திட்டமிடலில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மூடும்வரை முழுதாகத் தேறியவை ஏறக்குறைய 25 கட்டுரைகள்தான். வருகிறவர் வாசித்துவிட்டுப் போகலாம், அவர் கைவைக்க அங்கே ஓர் ஓட்டை கூட இல்லை.

ஓட்டை எப்படி ஆளை இழுக்கிறது என்பதை ஏதென்ஸ் பொருளியல், வணிகப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஸ்பினெல்லிசும் லூரிதாசும் ஆங்கில விக்கிப்பீடியாவை வைத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஒரு பொருள் வேறொரு கட்டுரையில் முதன்முதலாகச் சிவப்பாக இடம்பெற்ற பிறகுதான் அதற்கான கட்டுரை பெரும்பாலும் பிறக்கிறது. சிவப்புச் சொல்லை இட்டவரே பிறகு அந்தக் கட்டுரையையும் தொடங்குவது நூற்றுக்கு மூன்று அளவில்தான். மிச்சமெல்லாம் முன்பின் தெரியாத யாரோ வந்து செய்த வேலை! யாருக்கும் கட்டளை இல்லை, கூலி இல்லை.

இலங்கையின் மலைநாட்டில் இதன் ஒரு சாயல் முன்பே நடந்தது. 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலியில், யுனெஸ்கோ துணையோடு, நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தார் இணையத்தில் தேடி, விளங்கும் மொழியில் ஒலிபரப்பில் சொல்வார்கள். கணினியைத் தொட்டே பாராதவர்களும் தங்கள் கேள்வியால் இணையத்துக்குள் வந்தார்கள்.

இப்போது அதே நாட்டில் கரவனெல்லப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் நாலு பேர் ஒரு தளம் தொடங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழமையாக என்ன நடக்கும்? செய்தி, வேலைவாய்ப்பு, கல்யாணப் பொருத்தம், கவிதை என்று பத்துப் பிரிவு. குத்துவிளக்கு, பொன்னாடை, முகநூலில் படம். அடுத்த மாதம் பத்துப் பிரிவும் காலி. உள்ளே வருகிறவை சூதாட்ட விளம்பரங்கள் மட்டும். அவற்றைத் துடைக்கவும் ஆள் இருக்காது. இணையத்தில் நூற்றில் ஒருவர்தான் விடாமல் எழுதுவார், ஒன்பது பேர் எப்போதாவது, மற்ற 90 பேரும் வாசிப்பவர்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். ஐந்நூறு பேருள்ள தோட்டத்தில் அப்படி எழுதக்கூடியவர் ஐந்து பேர். அவர்களைப் பத்துப் பிரிவுக்குப் பங்கு போட முடியுமா?

ஒரே ஒரு விஷயத்தோடு தொடங்கலாம். தோட்டப் பள்ளிக்கூடத்தின் பழைய வகுப்புப் படம் ஒன்றை ஏற்றி, நிற்பவர்களில் பாதிப் பேரின் பெயரை மட்டும் போட்டு, மற்றவர்களின் தலைக்கு மேல் கேள்விக்குறி. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை ஓடி, உலகப் போர்க் காலத்தில் தண்டவாளம் பிடுங்கப்பட்ட ரயில் பாதை எந்தெந்த மலை ஓரமாகப் போனது என்று அரைகுறையாக ஒரு வரைபடம். மலிவான போனில் சட்டென்று திறக்க வேண்டும். தமிழில் தட்டத் தெரியாதவர் குரலில் சொல்லவும் வழி வேண்டும். கொழும்புக் கடையில் நிற்பவரோ கட்டாரில் வேலை செய்பவரோ அந்தப் படத்தைப் பார்த்து, "இடமிருந்து மூணாவது எங்க சித்தப்பா" என்று எழுதாமல் போனை வைக்கமாட்டார். யாராவது தப்பான பெயரைப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரமே வருவார்.