காருக்குப் பெரிய சக்கரம்: கம்பீரமா, ஆபத்தா?

புதுதில்லி: தலைநகரின் காஷ்மீரி கேட், கரோல் பாக் பகுதிகளில் உள்ள கார் உதிரிபாகக் கடைகளில் வாடிக்கையாளரின் கண்ணைப் பறிப்பவை பளபளக்கும் அலாய் சக்கரங்கள். சக்கர வளைவில் இடைவெளியே தெரியாதபடி நிறைந்து நிற்கும் சக்கரம்தான் வேகக் காருக்குக் கம்பீரம் தரும் என்பது இளைஞர்களின் எண்ணம். எண்ணம் தவறல்ல. ஆனால், அந்தக் கம்பீரத்துக்கு வேறு விலையும் உண்டு.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் 2017-ல் இந்தியாவில் 17 அங்குலச் சக்கரங்களுடன் அறிமுகமானது. 2020-ல் வந்த ரகத்தில் அது 18 அங்குலமாக உயர்ந்தது. சக்கரம் பெரிதானாலும் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ மாறுவதில்லை. 225/45 ஆர்17 டயரின் வெளிவிட்டம் சுமார் 634 மில்லி மீட்டர். 225/40 ஆர்18 டயருக்கு 637. குறைவது டயரின் பக்கச்சுவர்தான்: 101 மில்லி மீட்டரிலிருந்து 90-க்கு.

பக்கச்சுவர் குட்டையானால் வளைவுகளில் டயர் நெளிவது குறையும். ஸ்டியரிங்கின் திருப்பத்துக்குக் கார் உடனே கட்டுப்படும். பெரிய பிரேக் வட்டுகளைப் பொருத்தவும் இடம் கிடைக்கும். அதேசமயம், பெரிய சக்கரம் பொதுவாக எடை கூடியது. அதைச் சுழற்ற என்ஜினுக்குக் கூடுதல் உழைப்பு தேவை. பயணம் கரடுமுரடாகும். பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் காற்று மெத்தை குறைவதால், டயர் வெடிப்பதும் சக்கர விளிம்பு வளைவதும் எளிது.

வெளிவிட்டமே கூடினால் சிக்கல் வேறு விதம். 3 சதவீதம் கூடினால், சரியாக இருந்த வேகமானி 100 கிலோ மீட்டர் எனக் காட்டும்போது கார் உண்மையில் 103 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். டயர் உடற்பகுதியில் உரசவும் கூடும்.

பெரிய சக்கரம் இருந்தால்தான் வேகம் என்பதும் இல்லை. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை சீறிப் பாய்ந்த பார்முலா-1 கார்களின் சக்கரங்கள் 13 அங்குலமே. அப்பந்தயங்களில் 18 அங்குலம் புகுந்தது 2022-ல்தான்.

சட்டமும் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்தவற்றுக்கு முரணாகும் வகையில் வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. கேரளம் தொடர்பான வழக்கில் 2019 ஜனவரியில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூலை 31-ல் மாநிலங்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது.

எனவே, கடைக்காரரின் சொல்லைவிட, தயாரிப்பாளரின் கையேட்டிலும் காரில் ஒட்டப்பட்டுள்ள டயர் அளவுப் பட்டியலிலும் உள்ளதை முதலில் பார்ப்பதே நல்லது. அழகு ஓர் அங்குலம் கூடலாம். பாதுகாப்பு ஓர் அங்குலமும் குறையக் கூடாது.