கதிர் படும் இடமும் இரத்தம் ஓடும் வழியும்

மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படுவது இந்தியரிடம், அவர்களிலும் பெண்களிடம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி இது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பால்மரம் சீவிய தலைமுறைப் பெண்களின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேராத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதற்குள் இரண்டு தலைமுறை மென்று முடித்திருந்தது.

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ முற்றிவிட்ட புற்றை அறுத்தெடுத்த பிறகு கதிர் சிகிச்சை வரும். மலாக்கா நகரின் தனியார் மருத்துவமனையில் அதற்கு வசதி உண்டு. அரசு மருத்துவமனை வழியாகப் போகிறவர்கள் கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ அனுப்பப்படுவதுண்டு. தெங்கேராவிலிருந்து புறப்படும் குடும்பத்துக்குப் பயணச் செலவை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கும்: “ரேடியேஷன் வச்சா உடம்புல எதிர்ப்புச் சக்தியே போயிடுமாமே?”

போகும் என்பது பாதி உண்மை. சொல்லப்படாத மறுபாதியைத்தான் உலகெங்கும் புற்றுநோய் ஆய்வாளர்கள் இப்போது துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் இயந்திரம். லினியர் எக்சிலரேட்டர் என்று பெயர். எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரட்டி உலோகத் தகடு ஒன்றில் மோதவிட்டால் எக்ஸ்ரே பிறக்கும். நெஞ்சுப் படம் எடுக்கும் கருவி ஏறத்தாழ ஒரு லட்சம் வோல்ட்டில் வேலை செய்யும். இது அறுபது லட்சம் வோல்ட் கணக்கில். கதிரின் அளவுக்கு கிரே என்பது அலகு. லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயர் அது. வாய்ப்புற்று அறுவைக்குப் பின் வழக்கமாக 60 கிரே, நாளுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். முகத்துக்கு அச்செடுத்த வலைமூடி ஒன்றை மாட்டி, தலை அசையாமல் படுக்கவைப்பார்கள். கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான், அப்போது எதுவும் தெரியாது. வெளியே வந்த நோயாளியின் உடம்பில் கதிர் தங்குவதும் இல்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிரே பட்டால் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்ற மரபிழையின் இரு புரியும் சேர்ந்து அறுபடுவது சுமார் நாற்பது இடத்தில். நல்ல செல் அடுத்த நாளைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்போட்டுக்கொள்ளும். புற்றுச்செல் ஒட்டுப்போடுவதில் மட்டம். நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதன் சூட்சுமம் இந்த இடைவெளியில் இருக்கிறது. வாய்ப்புற்றில் இந்தச் சிகிச்சையைச் செப்பனிட்டதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கன்னப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்து, எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் 1971இலேயே கட்டுரை எழுதினார்கள்.

இனி எதிர்ப்புச் சக்தி. வேகமாகப் பெருகும் செல்கள் கதிருக்கு எளிதில் மடியும் என்று 1906இல் பிரான்சில் பெர்கோனியேவும் திரிபோந்தோவும் விதி வகுத்தார்கள். விதியை மீறும் செல் ஒன்று உண்டு. பெருகாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போதே, மிகக் குறைந்த கதிரில் சாவது. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட். எலிகளின் மண்ணீரலும் நிணநீர்த் திசுவும் எக்ஸ்ரேயில் சிதைவதை ஜெர்மானியரான ஹைனெக்கே 1903இலேயே பார்த்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு எட்டே வருடம்.

கதிர் கன்னத்தில் படுகிறது, லிம்போசைட்டோ உடம்பெங்கும் ஓடுகிறது. அப்புறம் எப்படிக் குறையும்? தெங்கேரா சாலையில் ஒரே இடத்தில் கண்ணாடிச் சில்லு கொட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். பஞ்சராவது அங்கே நிற்கும் வண்டி மட்டுமா? கிளேபாங்குக்கும் தஞ்சோங் கிளிங்குக்கும் அந்த வழியே போகிற வண்டிகளும்தான். உடம்பின் ஐந்து லிட்டர் இரத்தமும் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்தைக் கடக்கிறது. அதில் ஒரு பங்கு, கதிர் பாயும் அந்தச் சில நிமிடங்களில் கன்னத்தின் வழியாகவும் கழுத்தின் வழியாகவும் போகும். மூளைப்புற்று நோயாளி ஒருவருக்கு இதைக் கணக்குப் போட்டு 2013இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஒரு நாள் சிகிச்சையில் அரை கிரே வாங்குவது இரத்த அணுக்களில் 5 சதவீதம். முப்பதாம் நாள் முடிவில் 99 சதவீதம்.

இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஆயிரத்துக்குமேல் இருக்கவேண்டிய லிம்போசைட் சிலருக்கு ஐந்நூறுக்கும் கீழே இறங்கும். மீண்டு வர மாதக்கணக்காகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும். இது வெறும் சோதனைத்தாள் எண் அல்ல. பலவகைப் புற்றுகளில், சிகிச்சையின்போது இந்த எண் மிகவும் இறங்கியவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகவே பிழைத்திருக்கிறார்கள். பாக்டீரியாவோடு மல்லுக்கட்டும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் கதை வேறு. எலும்பு மஜ்ஜை மிகுந்த இடுப்புப் பகுதியில் கதிர் வைத்தாலோ கீமோ சேர்ந்தாலோதான் அது பெரிதாகக் குறையும். வாய்ப்புற்றுக்குக் கதிர் மட்டும் வாங்குகிறவருக்கு அந்த அபாயம் குறைவு. வாய்ப்புண்ணும் விழுங்க முடியாமல் எடை இறங்குவதும்தான் அவரைப் படுத்தும். ஆனாலும் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பாதி உண்மையை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. ‘இம்யூனிட்டி’ என்று சீட்டு ஒட்டிய புட்டிகளை உறவுக்காரர்கள் அன்போடு வாங்கிவருகிறார்கள். கனடாவின் கியூபெக்கில், தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் வாங்கிய 540 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ மாத்திரை, மற்றவருக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. மாத்திரை சாப்பிட்டுவந்த காலத்தில் வைட்டமின் குழுவில்தான் புதிதாக இரண்டாவது புற்று அதிகம் வந்தது; கடைசியில் இறப்பும் அங்கேதான் கூடுதல். புட்டி எதுவானாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டாமல் திறக்காதிருப்பது நல்லது. தடுப்பூசிக்கும் அதே விதி.

சரி, மறுபாதி. 1979இல் ஹெலன் ஸ்டோன் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வகைக் கட்டி. ஒரு கூட்டத்துக்கு எதிர்ப்புச் சக்தி முழுதாக இருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்லை நீக்கிவிட்டார்கள். முதல் கூட்டத்தில் பாதிக் கட்டிகளை ஒழிக்க 30 கிரே போதுமாயிருந்தது. இரண்டாவதில் அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. அப்படியானால், கதிர்தான் கொன்றது என்று நாம் நினைத்ததில் பெரும்பங்கு வேலையை டி செல் பார்த்திருக்கிறது.

கதிர் பட்டுச் சாகும் செல் சத்தமில்லாமல் சாவதில்லை. அறுந்த மரபிழைத் துண்டுகள் உட்கருவுக்கு வெளியே கசியும். வைரஸ் நுழைந்துவிட்டது என்று செல் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்பைக் கொடுக்கும். கசிந்த துண்டுகளை மோப்பம் பிடிக்கும் புரதத்தை 2013இல் கண்டுபிடித்தவர் டெக்சஸில் பணியாற்றும் ஜெங்ஜியன் சென். அறிவிப்பு கேட்டு வரும் டென்ட்ரிடிக் செல்கள் செத்த புற்றின் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். நாம் நெறி கட்டியிருக்கிறது என்று கழுத்தில் தடவிப் பார்க்கிறோமே, அந்தக் கணு. அங்கே டி செல்கள் எதிரியின் அடையாளத்தைக் கற்றுக்கொண்டு திரும்பிவரும். மிக அபூர்வமாக, கதிரே படாத வேறிடத்துக் கட்டியும் அவற்றால் சுருங்கும். 1953இல் மோல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு அப்ஸ்கோபல் விளைவு என்று பெயர் வைத்தார். அபூர்வம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை நம்பி யாரும் சிகிச்சையைத் திட்டமிடுவதில்லை.

ஏன் அபூர்வம்? புற்றும் சும்மா இருப்பதில்லை. கதிர் பட்ட கட்டி, டி செல்லின் பிரேக்கை அழுத்தும் பிடி-எல்1 புரதத்தைத் தன் மேல் கூடுதலாக முளைக்கவைக்கும். டி செல்லை அடக்கிவைக்கும் வேறு அணுக்களையும் அழைத்துக்கொள்ளும். பிரேக்கை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அல்லிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கதிரும் கீமோவும் முடிந்த பிறகு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த நுரையீரல் புற்றுச் சோதனையில், ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 43ஆக உயர்ந்தார்கள்.

வாய்ப்புற்றுக்கும் தொண்டைப் புற்றுக்கும் அதையே செய்தால் என்ன என்று கிளம்பியவர்களுக்கு முதலில் அடி விழுந்தது. கதிரோடு சேர்த்தே அவெலுமாப் என்ற அவ்வகை மருந்தைக் கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 2021இல் வந்தது, துளியும் பலனில்லை. 2025இல் வந்த இன்னொரு சோதனையில் வரிசையை மாற்றியிருந்தார்கள். அறுவைக்கு முன்பே பெம்ப்ரொலிசுமாப் என்ற அவ்வகை மருந்து இரண்டு தடவை, பிறகு அறுவை, பிறகு கதிரோடும் அதைத் தாண்டியும் அதே மருந்து. மூன்று வருடத்தில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 58ஆகக் கூடினார்கள். மருந்தும் வேறு, நோயாளிகளும் வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் பல ஆய்வாளர்களின் சந்தேகம் கழுத்துக் கணுக்கள் மேல்தான். அறுவைக்கு முன் அந்தக் கணுக்கள் முழுதாக இருக்கின்றன, டி செல் போய்ப் படிக்க இடமிருக்கிறது. கதிர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேளையில் மருந்து வந்தால் யாருக்குப் பாடம் நடத்துவது?

கழுத்தை விட்டுவிட்டுக் கதிர் வைக்கலாமே என்றால் அதுவும் எளிதில்லை. வாய்ப்புற்று முதலில் போய் ஒளிவது அந்தக் கணுக்களில்தான். ஆகவே இன்றைக்கும் மருத்துவர் கணினித் திரையில் கதிர் பாயும் எல்லையை வரையும்போது, நோய் பரவியிருக்கக்கூடிய கழுத்துப் பகுதியைச் சேர்த்தே வரைகிறார். எந்தக் கணுவை, எவ்வளவு நாள் கழித்து, என்ன அளவில் தொடலாம் என்பதைத்தான் இப்போது நடக்கும் சோதனைகள் தேடுகின்றன.