247 எழுத்துகளும் ஒரு புள்ளியும்

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247 என்றதும் நம் பிள்ளைகள் மலைத்துப் போகின்றனர். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளோடு பள்ளி செல்லும் பிள்ளைக்கு மலைப்பு வராமல் இருக்குமா? வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பில் இத்தனையும் எப்படி இயலும் என்று பெற்றோரும் நம்மிடம் வினவுவதுண்டு.

இந்த எண்ணிக்கை ஒலிகளின் கணக்கேயன்றி வடிவங்களின் கணக்கு அன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; எஞ்சிய 216 உயிர்மெய்களும் உயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவை. தேவநாகரி, மலையாளம், சிங்களம் முதலிய எழுத்து முறைகளைப் போலவே தமிழிலும் 'க' என்ற வடிவத்துள் அகரம் அடங்கியிருக்கிறது. புள்ளி வைத்தால் அகரம் நீங்கி 'க்' ஆகும். தேவநாகரியில் இரு மெய்கள் அடுத்து வந்தால் அவை இணைந்து புதுக் கூட்டெழுத்தாக மாறும். அவற்றைத் தனித்தனியே மனத்தில் இருத்த வேண்டும். தமிழில் அத்தொல்லையைப் புள்ளி ஒன்றே தீர்த்து விடுகிறது.

ஆகவே புள்ளியை முதல் வாரத்திலேயே கற்பித்தல் நலம் என்பது எமது கருத்து. ப, ட, ம என்னும் மூன்று வடிவங்களும் புள்ளியும் தெரிந்த பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் என்னும் நான்கு சொற்களைத் தானாகவே படித்துவிடும். இதற்கு மாறாக, அரிச்சுவடி முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளை, ஊரிலிருந்து பாட்டி எழுதிய மடலின் முதல் வரியிலேயே தடுமாறி நிற்பதையும் நாம் காண்கிறோம். ஒப்புவித்தல் வேறு, வாசித்தல் வேறு.

உண்மையான இடர்ப்பாடுகள் இரண்டு. முதலாவது கொம்பு. 'கெ' என்பதில் ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பே முன்னிற்கிறது. 'கொ' என்பதில் ஓர் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒலிக்கப் பழகிய பிள்ளை இங்கே தயங்குவது இயல்பே. கொம்பையும் மெய்யையும் ஒருங்கே பார்த்த பின்னரே வாய் திறக்கப் பழக்குதல் வேண்டும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபட்டு நிற்பதற்கு நாம் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதற்கு முந்திய ஓலைகளில் 'கெ', 'கே' இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவில் இருந்தன. இடம் நோக்கியே படித்தனர்.

இரண்டாவது உகர, ஊகார வரிசை. மற்ற உயிர்க்குறிகள் எல்லா மெய்க்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் அமைய, இவை மட்டும் மெய்யோடு ஒட்டிப் பலவாறு உருமாறுகின்றன. கேரளத்தில் 1971இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் மலையாளத்தில் இக்குறிகளைத் தனியே பிரித்து வைத்தது. தமிழ்நாட்டு அரசின் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தமோ ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளை மாற்றியதோடு நின்றது, உகரத்தைத் தொடவில்லை. (பாட்டியின் கையெழுத்தில் 'லை' தும்பிக்கை தூக்கி நிற்பின், அது பிழையன்று, அவர் கற்ற பழைய வடிவம். பிள்ளைக்கு அதையும் ஒருமுறை காட்டி வையுங்கள்.)

எனினும் உகர வரிசையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சு, பு, யு, வு ஆகியவை கீழே கோடு இறங்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுழிபவை. ணு, து, நு, லு, று, னு ஆகியவை கீழே சென்று வலப்புறம் மேலெழுபவை. இவற்றோடு ஒரு கால் சேர்ந்தால் ணூ, தூ, நூ, லூ, றூ, னூ என நெடிலாகும். ஙு முதற்கூட்டத்தையும் ஞு மூன்றாம் கூட்டத்தையும் சேர்ந்தவை; சொற்களில் அரிதாகவே வருவதால் அவற்றைப் பின்னர்க் கற்கலாம். வாரத்துக்கு ஒரு கூட்டமென எடுத்து, முதல் வாரம் புதுசு, வயசு. அடுத்த வாரம் குருவி, முருகு, குடும்பம். மூன்றாம் வாரம் துணி, நுனி, தூண், நூல் என்று வீட்டில் எழுதிப் பழக்கலாம்.