படகு விசிறியின் சிறு காயங்கள்

1837-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் விவசாயி, தாம் கண்டுபிடித்த மரத் திருகினைச் சிறு படகொன்றில் பொருத்திப் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு சுற்றுகள் கொண்ட அத்திருகு வழியில் எதன்மீதோ மோதிப் பாதி ஒடிந்தது. படகோ முன்னிலும் விரைந்து சென்றது! இன்றைய படகு விசிறிக்கு முன்னோடிகளுள் ஒன்று அத்திருகு. ஆனால், எல்லா உடைவும் இத்தகைய நன்மை செய்யுமென்று எண்ணிவிடலாகாது.

மரக்கட்டையிலோ பாறையிலோ மோதி, விசிறியின் இதழ் விளிம்பில் நகத்தளவு பள்ளம் விழுந்ததென்று கொள்வோம். விளிம்பைத் தழுவிச் செல்ல வேண்டிய நீர், அங்கே முறிந்து சுழல்கிறது. அழுத்தம் மிகக் குறைவதால், சூடேறாமலே கொதித்து ஆவிக் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் மறுகணமே நொறுங்கும்போது உலோகத்தை அரித்துக் குழிகளாக்குகின்றன. ஓர் இதழ் மட்டும் குறைபட்டால் தண்டும் அதிரும். தண்டைத் தாங்கும் உறுப்புகள் தேயும். படகினுள் நீர் கசியவும் இடமுண்டு. கரைக்கு வெகு தொலைவில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதைப் படகில் சென்றவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

செப்பனிடுமுன் விசிறியைக் கழற்றிக்கொள்வது நலம். இயலாதெனில், இயந்திரம் தற்செயலாய்க் கிளம்பாதபடி மின்கல இணைப்பையேனும் நீக்க வேண்டும். அடுத்து, வெடிப்பு உண்டா என்று பார்த்தல். மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுக. வெடிப்பு இருக்குமாயின் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, பொடியில் கோடாகத் தெரியும். குடத்தை ஒட்டிய இதழடியில் அக்கோடு தோன்றினால் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். இதழை வளைக்கும் விசை அங்கேதான் மிகுதி. அது தேர்ந்த பட்டறைக்குரிய வேலை. விளிம்பின் பள்ளமெனில் நாமே அராவலாம்.

மாணவப் பருவத்தில் படகுத்துறையொன்றில் நானும் அராவினேன். பள்ளம் மறைந்த பின்னும், விளிம்பு பளபளக்கட்டும் என்று மேலும் மேலும் தேய்த்தேன். அங்கிருந்த முதிய மேஸ்திரி சிரித்தார்.

“தம்பி, இதை அழகு பண்ணாதே. பக்கத்து இதழைப் பார்த்துச் செய்.”

பழுதற்ற இதழின்மேல் அட்டையை வைத்து, அதன் விளிம்பு வடிவில் வெட்டி, நான் அராவிய இதழில் பொருத்திக் காட்டினார். இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. அரம் எடுத்த உலோகத்தை எதைக்கொண்டு திரும்ப வைப்பது? மற்ற இரண்டு இதழ்களையும் அதற்கேற்பக் குறைப்பதிலேயே அன்றைப் பொழுது கழிந்தது.

இறுதியில் குடத்தின் துளையில் வழவழப்பான கம்பியைச் செருகி, மட்டமான இரு விளிம்புகளின்மேல் விசிறியை வைத்தோம். கனத்த இதழ் தானே கீழிறங்கியது. அதைச் சிறிது தேய்த்தோம், மீண்டும் வைத்தோம். எந்த நிலையில் விட்டாலும் அந்நிலையிலேயே விசிறி அசையாது நின்ற பிறகுதான், அதைத் தண்டில் பூட்ட மேஸ்திரி இசைந்தார்.