மின்னழுத்தம், மின்னோட்டம் கொண்டு மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்

ஒரு மின்கருவியின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்தால், அக்கருவியின் மின்தடையையும் அது பயன்படுத்தும் மின்திறனையும் கணக்கிடலாம். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன. பள்ளி இயற்பியலில் இடம்பெறும் இக்கணக்கு, வீட்டு மின்கம்பிகளும் பிளக்குகளும் ஏன் சூடாகின்றன என்பதை அறியவும் உதவுகிறது.

அடிப்படை விதிகள்

வெப்பநிலை மாறாதபோது ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஓம் விதி எனப்படும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் வெளியிட்டார். இவற்றிலிருந்து கிடைக்கும் சூத்திரங்கள்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
மின்திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை

எடுத்துக்காட்டு

12 வோல்ட் மின்கலத்துடன் இணைத்த ஒரு கருவியில் 1.5 ஆம்பியர் பாய்கிறது எனக் கொள்வோம்.

மின்தடை = 12 ÷ 1.5 = 8 ஓம்
மின்திறன் = 12 × 1.5 = 18 வாட்

மூன்றாவது சூத்திரப்படி 1.5 × 1.5 × 8 = 18 வாட்; நான்காவதின்படி 144 ÷ 8 = 18 வாட். மூன்று வழியிலும் ஒரே விடை வருவதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம்.

அளக்கும் முறை

வோல்ட்மீட்டரைக் கருவிக்குப் பக்க இணைப்பிலும், அம்மீட்டரைத் தொடர் இணைப்பிலும் இணைக்க வேண்டும். அம்மீட்டரின் தடை மிகக் குறைவு. அதைத் தவறுதலாகப் பக்க இணைப்பில் இணைத்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து மீட்டர் எரிந்துவிடும். மல்டிமீட்டரில் ஓம் அளவை வைத்துத் தடையை அளக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக் கருவிகள்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்விநியோகத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 8.7 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது 230 × 6 = 1380 வாட் மட்டுமே. ஆகவே வாட்டர் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தேவை.

மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால், அதே இஸ்திரிப் பெட்டியின் திறன் 40000 ÷ 53, அதாவது சுமார் 755 வாட்டாகிவிடும். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைய, திறன் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் துணி சரியாக மடிப்பு நீங்காததற்குக் காரணம் இதுவே.

இணைப்பில் உண்டாகும் வெப்பம்

கருவிக்கு வெளியே உள்ள ஒயருக்கும் பிளக்கிற்கும் சிறிதளவு தடை உண்டு. பிளக்கின் முள் சாக்கெட்டில் தளர்வாக இருந்து, அந்த இடத்தில் மட்டும் 0.2 ஓம் தடை ஏற்பட்டது எனக் கொள்வோம்.

இஸ்திரிப் பெட்டி: 4.35 × 4.35 × 0.2 = 3.8 வாட்
வாட்டர் ஹீட்டர்: 8.7 × 8.7 × 0.2 = 15.1 வாட்

மின்னோட்டம் இரு மடங்கானபோது வெப்பம் நான்கு மடங்காகிறது. 15 வாட் என்பது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறன். அவ்வளவு வெப்பம் முள்ளின் நுனியில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இந்நிலையில் ஃபியூஸ் எரிந்து காப்பாற்றாது. தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, மிகச் சிறிதளவு குறைக்கவே செய்கிறது. ஃபியூஸோ மின்னோட்டம் அளவு மீறினால் மட்டுமே துண்டிக்கும். எனவே பிளக் சுடுவது, நிறம் மாறுவது, கருகிய வாடை வருவது ஆகியவற்றைக் கண்டால் மெயின் சுவிட்சை அணைத்து, சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தடை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 60 வாட் இழை விளக்கு எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60, அதாவது ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்தபின் மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே காட்டும். குளிர்ந்த நிலைத் தடையைக் கொண்டு விளக்கின் திறனைக் கணக்கிட்டால் விடை தவறும்.

மின்விசிறி, தண்ணீர் மோட்டார் போன்ற சுருள் உள்ள கருவிகளில் மாறுதிசை மின்னோட்டத்தின்போது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மட்டும் போதாது. திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 எனில், அது பயன்படுத்தும் திறன் 460 வாட் அன்று, 368 வாட்.