ஆங்கிலப் பெயரடைகளின் வகைகள்

ஆங்கில இலக்கணத்தில் பெயரடை என்பது ஒரு பெயர்ச்சொல்லையோ பிரதிபெயர்ச்சொல்லையோ சிறப்பித்து, அதன் தன்மை, அளவு, எண்ணிக்கை முதலியவற்றை உணர்த்தும் சொல் ஆகும். இது பெயர் உரிச்சொல் எனவும் அழைக்கப்படுகின்றது. தமிழ் இலக்கணம் கூறும் உரிச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்து வருவதால், இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் ஒரு சொல் எவ்வகைப் பெயரடை என்பதை அதன் வடிவம் மட்டும் காட்டுவதில்லை. தொடரில் அது ஆற்றும் பணியையும் அது நிற்கும் இடத்தையும் கொண்டே வகையும், பல வேளைகளில் பொருளும் முடிவாகின்றன.

வரலாறு

இலத்தீன் மொழியில் பெயரடையும் பெயர்ச்சொல்லைப் போலவே வேற்றுமைக்கு ஏற்பத் திரியும். அம்மரபைப் பின்பற்றிய பழைய ஆங்கில இலக்கண நூல்கள் பல, பெயரடையைப் பெயர்ச்சொல்லின் உட்பிரிவாகவே கொண்டன. இராபர்ட் லோத் 1762 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் ஒன்பது சொல்வகைகளைக் கூறி, அவற்றுள் பெயரடையைத் தனி வகையாக வைத்தது.

மரபு வழி வகைகள்

பள்ளி இலக்கண நூல்களில் பெயரடைகள் பொதுவாகப் பின்வருமாறு பிரிக்கப்படுகின்றன.

1. பண்புப் பெயரடை: எத்தகையது என்பதை உணர்த்தும். "பிக் ஹவுஸ்" (பெரிய வீடு). "இண்டியன் டீ" போல ஊர், நாடு, ஆள் பெயர்களிலிருந்து பிறப்பனவும் இதில் அடங்கும். இவற்றின் முதலெழுத்து பெரிய எழுத்தாக எழுதப்படும்.
2. அளவுப் பெயரடை: எவ்வளவு என்பதை உணர்த்தும். "மச் மில்க்" (மிகுதியான பால்).
3. எண்ணுப் பெயரடை: எத்தனை, எத்தனையாவது என்பதை உணர்த்தும். "த்ரீ புக்ஸ்" (மூன்று நூல்கள்), "தர்ட் புக்" (மூன்றாம் நூல்). "ஈச்", "எவ்ரி" போன்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவனவும் இவ்வகையே.
4. சுட்டுப் பெயரடை: "திஸ் பாய்" (இந்தப் பையன்).
5. வினாப் பெயரடை: "விச் ரோட்" (எந்தச் சாலை).
6. உடைமைப் பெயரடை: "மை பென்" (என் பேனா).

ஒரே சொல் இரு வகைகளில் வரலாம். "சம் ரைஸ்" என்பதில் "சம்" அளவுப் பெயரடை. "சம் பாய்ஸ்" என்பதில் அதுவே எண்ணுப் பெயரடை. "திஸ் இஸ் மை புக்" என்னும் தொடரில் "திஸ்" தனித்து நிற்பதால், அது பெயரடை அன்று, பிரதிபெயர்ச்சொல் ஆகும்.

சிறு சொல்லால் மாறும் பொருள்

"ஃபியூ" எண்ணக்கூடியவற்றுக்கும், "லிட்டில்" எண்ண இயலாதவற்றுக்கும் வரும். இவற்றின் முன் "எ" என்னும் சொல் சேரும்பொழுது பொருள் மாறுகின்றது. "லிட்டில் ஹோப்" என்றால் நம்பிக்கை இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. "எ லிட்டில் ஹோப்" என்றால் சிறிதேனும் நம்பிக்கை உண்டு. ஒரு நோயாளியின் நிலையைக் கூறும் மருத்துவர் இவற்றுள் எதைச் சொன்னார் என்பது கேட்போருக்கு மிக முக்கியமானது.

வினையிலிருந்து பிறக்கும் பெயரடைகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. "போரிங்" என்பது அலுப்பூட்டும் தன்மையையும், "போர்ட்" என்பது அலுப்படைந்த நிலையையும் குறிக்கும். வகுப்பில் அலுப்படைந்த மாணவன் "ஐ ஆம் போரிங்" என்றால், தான் பிறருக்கு அலுப்பூட்டுபவன் என்றே பொருள்படும்.

நிற்கும் இடத்தால் வகைகள்

பெயரடை பெயர்ச்சொல்லின் முன்னும், வினைக்குப் பின் பயனிலையாகவும், பெயர்ச்சொல்லை அடுத்தும் வரலாம். "மெயின்" போன்றவை பெயரின் முன் மட்டுமே வரும். "அஸ்லீப்" போன்றவை பொதுவாகப் பெயரின் முன் வருவதில்லை.

சில சொற்கள் இடத்திற்கேற்பப் பொருள் மாறும். "த லேட் மினிஸ்டர்" என்பது பொதுவாகக் காலஞ்சென்ற அமைச்சரைக் குறிக்கும். "த மினிஸ்டர் இஸ் லேட்" என்றால் அமைச்சர் தாமதமாகிவிட்டார் என்பதே பொருள். அதுபோல் "பிரசன்ட் மெம்பர்ஸ்" என்பது தற்போதைய உறுப்பினர்களையும், "மெம்பர்ஸ் பிரசன்ட்" என்பது அவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களையும் குறிக்கும்.

இவ்வேறுபாடு சட்டத்திலும் பயன்படுகின்றது. இந்திய அரசியலமைப்பின் 368 ஆவது பிரிவின்படி, திருத்த மசோதாவுக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவும் தேவை. 543 உறுப்பினர்கள் கொண்ட அவையில் 450 பேர் வந்து வாக்களித்தால், 300 வாக்குகள் போதும். அது மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையான 272 ஐயும் கடந்துவிடுகின்றது. "பிரசன்ட்" என்பதைத் தற்போதைய உறுப்பினர் எனப் பெயர்த்துவிட்டால், தேவை 362 வாக்குகள் எனத் தவறாகக் கணக்கிட நேரிடும்.

தற்கால வகைப்பாடு

மொழியியலாளர் லெனார்டு புளூம்ஃபீல்டு 1933 இல் வெளியிட்ட "லாங்குவேஜ்" என்னும் நூலில், ஆங்கிலப் பெயரடைகளை விவரிப்பவை, வரையறுப்பவை என இரண்டாகப் பிரித்தார். பின்னர் இராண்டால்ஃப் குவர்க்கும் பிறரும் 1985 இல் வெளியிட்ட விரிவான இலக்கண நூல் "திஸ்", "மை", "எவ்ரி" போன்றவற்றைப் பெயரடைகளாகக் கொள்ளாமல், வரையறைச் சொற்கள் எனத் தனியே வைத்தது. "பிக்" என்பது "பிக்கர்" என ஒப்புநிலை வடிவம் பெறும், "வெரி" என்னும் சொல்லை முன்னே ஏற்கும், பயனிலையாகவும் வரும். "எவ்ரி" இவற்றுள் எதையும் ஏற்பதில்லை. இதன்படி மேற்கண்ட ஆறு வகைகளுள் பண்புப் பெயரடையே முழுமையான பெயரடையாக எஞ்சுகின்றது. எனினும் பள்ளி இலக்கண நூல்கள் பலவற்றில் பழைய வகைப்பாடும் தொடர்ந்து வழங்கி வருகின்றது.