பட்டத்துக்குப் பின் தொடரும் படிப்பு

குடும்ப மருத்துவர் பட்டம் பெறுவது ஒருமுறை. அறிவைப் புதுப்பிப்பதோ ஓயாத வேலை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியை வலியுறுத்தின. மணிக்கணக்கை நிரப்புவது எளிது. எதைக் கற்பது என்பதுதான் கேள்வி. திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூர் போன்ற விவசாயக் கிராமங்களில் நோய்களே பாடத்திட்டத்தை வகுக்கின்றன. பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமோ வலியோ இராது. அதனால், விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவரின் இமைகள் தொங்குவதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். கண்ணாடிவிரியன் கடியென்றால், கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரைவிட்டு நகர முடியாத மருத்துவர்களுக்காக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொலைநிலைக் கல்வியில் இரண்டாண்டுக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பை உருவாக்கியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதைக் குறைத்து, இயன்றதை உள்ளூரிலேயே தீர்ப்பது அதன் நோக்கம்.